மூன்று வருடம் உடையாத கண்ணாடி

நேரில் ‘மேடம்’, முதுகு திரும்பியதும் ‘விரிசல் மேடம்’. இந்தப் பட்டப்பெயரை வைத்தது மாணவர்கள் இல்லை, கூட வேலை பார்க்கும் வாத்தியார்கள்தான். ஒரு மனுஷி இருபத்தாறு வருடமாகச் சுவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள் என்பது அவர்கள் நியாயம். அந்தச் சுவர் தங்கள் தலையில் விழாமல் இருக்கத்தான் அவர் பார்க்கிறார் என்பதை மட்டும் அந்த நியாயத்தில் சேர்க்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் துறைக்கு அவர் தலைவர். தலைவர் என்றால் நாற்காலி கொஞ்சம் அகலம், வேலை மூன்று மடங்கு. காலை எட்டு மணிக்கு வகுப்பு. பத்து மணிக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பார்கள். மதியம் ஆராய்ச்சி மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, போன மாதம் சொன்னதையே இந்த மாதமும் சொல்வார்கள். நடுவில் படிவங்கள். வேலை செய்தாரா என்று கேட்க ஒரு படிவம், அந்தப் படிவத்தை நிரப்பினாரா என்று கேட்க இன்னொரு படிவம். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் வாரத்துக்கு இரண்டாவது உண்டு.

அந்தப் படிவங்களில் ஒன்றில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு கட்டம். ‘சுவர் பார்ப்பது’ என்று எழுதி அனுப்பினார். சரியாக நிரப்பவும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபத்தில் ‘தோட்டக்கலை’ என்று எழுதினார். உடனே ஏற்றுக்கொண்டார்கள். அவர் வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது.

ஆனால் முதலில் எழுதியதுதான் சத்தியம். வருடத்துக்கு ஆறேழு தடவை கருத்தரங்கு என்று வெளிநாடு போவார். மற்றவர்கள் கூட்டம் முடிந்ததும் கடைத்தெருவுக்கு ஓடுவார்கள். இவர் சந்து சந்தாகப் புகுந்து, யார் வீட்டுச் சுவரிலாவது கீறல் தெரிந்தால் நின்றுவிடுவார். கைப்பையிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து, அளவு தெரிவதற்காக விரிசல் ஓரமாக ஒட்டிவைத்துப் படம் எடுப்பார். பதினேழு நாட்டு விரிசல்கள் அவரிடம் இருந்தன. எல்லாப் படத்திலும் அதே மஞ்சள் பென்சில், வருடத்துக்கு வருடம் குட்டையாகிக்கொண்டே போகும்.

அவர் வீட்டுக்காரர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்.

“ஊருக்குப் போறவங்க திரும்பி வர்றப்ப ஏதாச்சும் வாங்கிட்டு வருவாங்க. நீ என்னடான்னா ஊர் ஊரா போயி உடைஞ்ச சுவரா சேத்துக்கிட்டு வர்ற.”

“படம்தானேங்க எடுத்தேன்.”

“சுங்கத்துல விடமாட்டான், அதான் படத்தோட விட்ட. இல்லேன்னா பேத்தே கொண்டு வந்திருப்ப. கடையில தினம் நூறு டாக்டர் சீட்டு பாக்கறேன். சுவத்துக்கு வைத்தியம் பாக்கற டாக்டர் என் வீட்டுல மட்டும்தான் இருக்கு.”

சரி, கதைக்கு வருவோம். பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு வாசிப்புக்கூடம். நூற்றெண்பது நாற்காலி. தேர்வு சமயத்தில் ஒன்றுகூடக் காலியாக இருக்காது. ஒரு காலத்தில் குளமாக இருந்த இடத்தைத் தூர்த்து அந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள். அதனால் ஒரு மூலையில் மண் மெல்ல இறங்கி, வாசிப்புக்கூடத்தின் மேற்குச் சுவரில் விரிசல் விழுந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இறங்குவது நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா?

அதைக் கண்டுபிடிக்க மேடத்திடம் ஒரு பழைய வழி இருந்தது. விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். விரிசல் ஒரு மயிரிழை விரிந்தாலும் கண்ணாடி பட்டென்று உடையும். உடையாமல் இருந்தால் சுவர் நகரவில்லை. இதற்கு அவர் வைத்திருந்த பெயர் சாட்சிக் கண்ணாடி. “இந்தச் சாட்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்று வருடா வருடம் வகுப்பில் சொல்வார். வருடா வருடம் மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கண்ணாடியை வைத்த அன்று, பராமரிப்புப் பிரிவின் கொத்தனார்தான் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தார். மேடம் ஏணியில் ஏறி ஒட்டினார். ஈரச் சிமெண்டில் கொண்டை ஊசியால் தேதியைக் கீறினார். ஓரம் பெயராமல் இருக்க இடது கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அந்த விரலில் சின்ன வயதில் கண்ணாடி கிழித்த தழும்பு ஒன்று குறுக்காக ஓடும். சிமெண்டிலும் அது அப்படியே பதிந்தது. கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணே, இது ரொம்ப முக்கியம். பத்திரமா பாத்துக்கங்க.”

“நான் பாத்துக்கறேன் மேடம். நீங்க கவலையே படாதீங்க.”

பேச்சு அவ்வளவுதான். அது என்ன, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் அந்த ஏணியில் ஏறவேயில்லை. மாதம் பிறந்தால் நூலகர் அம்மா கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவார். வகுப்புக்கு நடந்துகொண்டே மேடம் அதைப் பார்ப்பார். கண்ணாடி முழுசாக இருக்கும். ‘நன்றி’ என்று பதில் போடுவார். முப்பத்தைந்து மாதம், முப்பத்தைந்து நன்றி.

இந்த வருடம் பதிவாளருக்கு ஒரு யோசனை உதித்தது. பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட ஆய்வுக்குழு வரப்போகிறது, அவர்கள் கண்ணில் படும்படி நூலகத்தின் கீழ்த்தளத்தில் கணினிக்கூடம் வைக்க வேண்டும். அங்கே இருக்கும் பழைய ஆய்விதழ்களை, இரும்பு அலமாரிகளோடு சேர்த்து மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். மூன்றாம் மாடி என்பது வாசிப்புக்கூடத்துக்கு நேர் மேலே. அத்தனை பாரத்தைக் கட்டடம் தாங்கும் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் நம் மேடம்.

சும்மா போட்டுவிடவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார். மண் இறங்குவது நின்றிருந்தால் கட்டடம் தாங்கும். நின்றுவிட்டது என்பதற்குக் கண்ணாடி சாட்சி. அதனால் போட்டார். போட்டது எங்கே? விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, வாசலில், காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து. பதிவாளர் அலுவலகத்து ஆள் அங்கேயே வந்து வாங்கிக்கொண்டு போனார்.

கருத்தரங்கின் மூன்றாம் நாள் அவர் பேச வேண்டிய முறை. தலைப்பே சாட்சிக் கண்ணாடிதான். விலை உயர்ந்த கருவி இல்லாமலே கட்டடத்தைக் காப்பாற்றலாம் என்று காட்ட, விமானத்தில் உட்கார்ந்தபடி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். இடது பக்கம் முதல் நாள் அவரே எடுத்த படம். வலது பக்கம் போன மாதம் நூலகர் அம்மா அனுப்பியது. மடிக்கணினியில் இரண்டும் தீப்பெட்டி அளவு. மேடையில் இரண்டு ஆள் உயரத் திரை.

மூன்று வருடத்தில் ஒரு மயிரிழைகூட நகரவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே திரும்பித் திரையைப் பார்த்தார்.

இடது படத்துச் சிமெண்டில் கட்டைவிரல் தடம். குறுக்கே தழும்பு.

வலது படத்திலும் கட்டைவிரல் தடம். ஆனால் அகலமான விரல். தழும்பைக் காணோம்.

முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன்னுடைய சொந்தக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். நான் இப்போது சொன்னது பொய், மன்னிக்க வேண்டும் என்று மட்டும் அந்தச் சபைக்குச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார்.

நடைபாதையில் நின்றபடியே பதிவாளரைக் கூப்பிட்டார்.

“சார், அலமாரி ஏத்தறதை உடனே நிறுத்துங்க. அந்தக் கண்ணாடியை யாரோ மாத்தியிருக்காங்க. என் சான்றிதழ் செல்லாது.”

“பாதி ஏறிடுச்சே மேடம். நேத்துல இருந்து ஏத்திக்கிட்டிருக்கோம்.”

“மீதியை ஏத்தாதீங்க. வாசிப்புக்கூடத்தைப் பூட்டுங்க. பிள்ளைங்க உக்காந்திருக்கும்.”

“நிறுத்தணும்னா எழுத்துல குடுங்க.”

“இதோ இப்பவே மெயில் போடறேன்.”

“மெயில் எல்லாம் ஆகாது மேடம். கையெழுத்து போட்டுக் குடுத்த சான்றிதழை, கையெழுத்து போட்டுத்தான் வாபஸ் வாங்கணும். நேர்ல வாங்க.”

“நான் வந்து சேர ரெண்டு நாள் ஆகும் சார்!”

“அப்ப ரெண்டு நாள் கழிச்சு நிறுத்திக்கலாம்.”

இதற்கு மேல் என்ன சொல்ல? கார்மேல் வைத்துப் போட்ட கையெழுத்து செல்லும். நூற்றெண்பது பேர் தலைமேல் பாரம் ஏறுகிறது என்று தொண்டை கிழியக் கத்துவது செல்லாது. இப்படிப்பட்ட சட்டத்தை எழுதியவன் எந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து எழுதினானோ, அந்தக் கட்டடத்தில் விரிசல் இல்லை போலிருக்கிறது.

அடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லும்போதே குரல் உடைந்தது.

“எப்படியாச்சும் அந்தக் கட்டடத்துல இருந்து எல்லாரையும் வெளிய அனுப்புங்க. எப்படின்னு எனக்குத் தெரியல.”

அவர் ஒரு நொடி யோசித்தார். “நீ அழுவாம விமானத்தைப் பிடி. இது சுவத்து வைத்தியம் இல்ல, மனுஷ வைத்தியம். நான் பாத்துக்கறேன்.”

கடையிலிருந்து பெரிய பாட்டில் பினாயில் நான்கு எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். நூலகர் அம்மாவிடம் ஐந்து நிமிஷம் பேசினார். அந்த அம்மாவும் மூன்று வருடம் படம் எடுத்து அனுப்பிய கையாயிற்றே, கேட்டதும் தானே ஒரு பாட்டிலைத் திறந்தார். படிக்கட்டு முழுக்கக் கொட்டினார்கள். வாசலில் அட்டை தொங்கியது: ‘கடும் பூச்சி மருந்து அடிக்கப்பட்டுள்ளது. மயக்கம் வரும். நாற்பத்தெட்டு மணி நேரம் உள்ளே வரக் கூடாது.’

பத்து நிமிஷத்தில் கட்டடம் காலி. அலமாரி தூக்கிய ஆட்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பதிவாளரே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து, அட்டையைப் படித்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனார்.

“சுவர் விழும்னு சொன்னா மெயில்ல கையெழுத்து இல்லங்கறாங்க” என்றார் வீட்டுக்காரர் தொலைபேசியில். “மூக்குல நாத்தம் ஏறினா ஒரு கையெழுத்தும் கேக்காம ஓடறாங்க.”

மேடம் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே நூலகத்துக்குத்தான் வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த ஏணியில் ஏறினார். விரிசல்மேல் சுண்ணாம்பு பூசியிருந்தது, பளிச்சென்று. நகத்தால் சுரண்டினார். பூச்சு உதிர்ந்தது, உள்ளே பென்சில் முனை நுழையும் அளவுக்கு இடைவெளி. கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இந்தக் கண்ணாடியை யாருண்ணே மாத்தினது?”

“நான்தான் மேடம்.” அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“எத்தனை தடவை?”

“பதினோரு தடவை. மட்டமான கண்ணாடி மேடம். கொஞ்சம் கனமா குடுங்கன்னு ஸ்டோர்ல சொல்லிப் பாத்துட்டேன். நிக்கவே மாட்டேங்குது, உடைஞ்சுக்கிட்டே இருக்கு.”

“தேதி?”

“நீங்க எழுதினதேதான். ஒரு கோடு மாறாம பாத்து எழுதினேன். நீங்க கட்டைவிரல் வெச்சிருந்தீங்க, நானும் வெச்சேன். விரிசலையும் அப்பப்ப சுண்ணாம்பு வெச்சு அடைச்சிட்டேன், பாக்க அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு.”

மேடத்துக்கு வெந்நீரைத் தலையில் ஊற்றினாற்போல் இருந்தது. அந்தக் கூடமே அதிரக் கத்தினார். “யாரு உங்களை மாத்தச் சொன்னது? யாரு சொன்னது?”

“நீங்கதானே மேடம்.” கொத்தனார் குரல் தாழ்ந்தது. “ரொம்ப முக்கியம், பத்திரமா பாத்துக்கங்கன்னு சொன்னீங்க. ஒரு பொருள் உடைஞ்சா மறுநாளே மாத்தலைன்னா சூப்பர்வைசர் மெமோ குடுப்பாரு. அதுவும் நீங்க வெச்ச பொருள். நான் எப்படி உடைஞ்சதைப் பாத்துட்டு சும்மா போவேன்?” கண்ணாடியை அண்ணாந்து பார்த்தவருக்கு அப்போதுதான் புரிந்தது. “உடையறதுக்குத்தான் வெச்சதுன்னு சொல்லியிருந்தா, சத்தியமா தொட்டிருக்க மாட்டேன். நீங்க சொல்லவே இல்லையே மேடம்.”

மேடம் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னூறு பேருக்கு முன்னால் விளக்கமாகச் சொன்ன விஷயம் அது. இருபத்தாறு வருடம் வகுப்பில் சொன்ன விஷயம். சிமெண்ட் குழைத்துக் கொடுத்த ஒரே மனிதரிடம் மட்டும் சொல்லவில்லை. கோபம் இன்னும் கொதித்தது. ஆனால் அதைத் திருப்பிவிட அந்தக் கூடத்தில் இப்போது ஒரே ஆள்தான் மிச்சம், அது அவரேதான்.

“அந்த உடைஞ்ச துண்டெல்லாம் குப்பைக்குத்தானே போச்சு?” என்றார் நம்பிக்கை இல்லாமல்.

“அதெப்படி மேடம்? முக்கியம்னு சொன்னீங்களே.”

கொத்தனார் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உடைந்ததைக் காட்டினால்தான் ஸ்டோரில் புதுசு கொடுப்பார்கள், கொடுக்கும்போது தேதி போட்ட சீட்டு ஒன்றும் தருவார்கள். ஒவ்வொரு துண்டையும் அதனதன் சீட்டிலேயே மடித்து வைத்திருந்தார். மேடம் வாசிப்பு மேசைமேல் பதினொன்றையும் வரிசையாகப் பரப்பினார். முதல் கண்ணாடி ஒன்பது மாதம் தாங்கியிருந்தது. அடுத்தது ஆறு. பிறகு ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கி, கடைசி மூன்று கண்ணாடிகளும் இருபது நாள்கூட நிற்கவில்லை. பதினோராவது உடைந்தது, மூன்றாம் மாடிக்கு அலமாரி ஏற ஆரம்பித்த அன்று.

சாட்சி பொய் சொல்லவில்லை. பதினோரு தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் பதிவாளர் வந்தார். பினாயில் வாசனை போய்விட்டது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“பொய் அட்டை தொங்கவிட்டது யாருன்னு அப்புறம் விசாரிக்கறேன்” என்று ஆரம்பித்தவர், மேசையைப் பார்த்து, கதையைக் கேட்டு, குரலைத் தழைத்தார். “மேடம், இதைப் பெரிசு பண்ண வேணாம். கொத்தனார் மேல நடவடிக்கை எடுத்துடலாம். அனுமதி இல்லாம மாத்தினாருன்னு எழுதிடுவோம். உங்க பேரு எங்கயும் வராம நான் பாத்துக்கறேன்.”

கொத்தனார் டப்பா மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மெயில்ல கையெழுத்து இல்லன்னு ரெண்டு நாள் பிள்ளைங்க தலைமேல பாரம் ஏத்தப் பாத்தீங்க” என்றார் மேடம். “இப்ப இந்த மனுஷன் தலைமேல ஏத்தணுமா? உங்களுக்கு எதையாவது யார் தலைமேலயாவது ஏத்திக்கிட்டே இருக்கணும், இல்ல?”

“நான் உங்க நல்லதுக்குத்தான்...”

“காகிதம் குடுங்க சார். நேர்ல வந்து கையெழுத்து போடச் சொன்னீங்கல்ல, வந்திருக்கேன்.”

மேசைமேல் வைத்தே எழுதினார். இந்தக் கட்டடம் பாரம் தாங்கும் என்று நான் கொடுத்த சான்றிதழ் தவறு. மூன்று வருடம் நான் ஏணி ஏறிப் பார்க்கவில்லை. கண்ணாடி எதற்கு என்று கொத்தனாருக்கு நான் சொல்லவில்லை. அவர்மேல் குற்றமில்லை. உண்மையைப் பத்திரமாக எடுத்துவைத்தவர் அவர் ஒருவர்தான். மேல்மாடியைக் காலி செய்து கூடத்தை இன்றே பூட்ட வேண்டும்.

பதிவாளர் படித்துவிட்டு, “இப்படி எழுதினா தலைவர் பதவி போயிடும் மேடம்” என்றார்.

“அகலமான நாற்காலிதானே, போகட்டும். உக்கார நேரம் கிடைச்சதே இல்ல.”

பதவி அந்த மாதமே போனது. ஆனால் அலமாரிகள் இறங்கின, கூடத்துக்குப் பூட்டு விழுந்தது, மாணவர்கள் வேறு கட்டடத்துக்குப் போனார்கள். பாரம் இறங்கியது போதாதா, திரும்பத் திறந்துவிடலாமே என்று பதிவாளர் மறுபடியும் நச்சரித்தார். மேடம் பதின்மூன்றாவது கண்ணாடியை ஒட்டினார். இந்தத் தடவை கொத்தனாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எதற்கு, எப்படி என்று முக்கால் மணி நேரம் சொன்னார்.

“அப்ப உடைஞ்சா அப்படியே விட்டுடணுமா மேடம்?” கொத்தனாரால் அதை ஜீரணிக்கவே முடியவில்லை.

“அப்படியே விட்டுட்டு என்னைக் கூப்பிடணும்.”

இருபத்திரண்டாம் நாள், வகுப்பு நடுவில், அவர் கைப்பேசி அடித்தது. வகுப்பில் அவர் கைப்பேசியை எடுத்து யாரும் பார்த்ததில்லை. அன்று எடுத்தார்.

“மேடம், உடைஞ்சிருச்சு.” கொத்தனாருக்கு மூச்சு வாங்கியது. “நான் தொடல. யாரையும் தொட விடல. ஏணி போட்டு வெச்சிருக்கேன், வாங்க.”

அதோடு கூடத்தைத் திறக்கும் பேச்சு நின்றது. மறுவாரம் கொத்தனாருக்கு ஒரு மெமோ வந்தது: வாசிப்புக்கூடத்தில் உடைந்த கண்ணாடியை மறுநாளுக்குள் மாற்றாததற்கு விளக்கம் தரவும்.

மேடம் அதை வாங்கிப் படித்தார். மூக்கு சிவந்தது. இரண்டு கூட்டங்களுக்கு வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, படம் போட்டு நான்கு பக்கம் விளக்கம் எழுதினார். எழுதி முடித்ததும் கொத்தனாரை உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“புரியுதாண்ணே?”

“எனக்குப் புரியுது மேடம்” என்றார் கொத்தனார். “அவங்களுக்குப் புரியுமான்னுதான் சந்தேகமா இருக்கு.”